ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை வேறு சேர்வருக்கு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு அலுவலகங்கள் சிலவற்றின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். பெரிய தரவு மையம் என்று எதுவும் இல்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய பாவித்த சேர்வர்கள் இரண்டு, ஒரு சுவிட்ச், ஒரு யூபிஎஸ், அறையில் ஒரு ஏசி. அனேகமாக எல்லா இடத்திலும் இவ்வளவுதான். சேர்வர்களில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் புரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. அதன் அடியில் அவற்றை உண்மையில் ஓட்டும் கேவிஎம், க்யூஎமு. என்னோடு வேலை பழகும் தம்பிமாரும், இரவில் தொலைபேசி எடுக்கும் அலுவலகக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. விஎம் என்று எழுதுவது மெய்நிகர் கணினியை. அதாவது ஒரு சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை.

விஎம்மை நிறுத்தாமல் மாற்றுகிறோம் என்கிறீர்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

கிணறு இறைத்ததைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் எங்கள் வளவுக் கிணற்றைத் துப்புரவாக்க மோட்டாரைப் போட்டு இறைப்போம். மோட்டார் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஊற்றுக்கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் வேகம் ஊற்றின் வேகத்தைவிட அதிகமென்றால் மட்டம் இறங்கும். இல்லையென்றால் விடிய விடிய மோட்டார் ஓடினாலும் மட்டம் அப்படியே நிற்கும்.

லைவ் மைக்ரேஷன், அதாவது ஓடவிட்டபடியே மாற்றுவது, இதேதான். முதல் சுற்றில் விஎம்மின் நினைவகம் முழுவதும், 4 கிலோபைட் பக்கங்களாக, புதிய சேர்வருக்கு நகலெடுக்கப்படுகிறது. ஆனால் விஎம் நிற்கவில்லை; அது தன் பாட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. அனுப்பிய பக்கங்களில் சில மீண்டும் மாறிவிடுகின்றன. அவற்றை 'அழுக்கான பக்கங்கள்' என்பார்கள். இரண்டாவது சுற்றில் அந்த அழுக்குப் பக்கங்கள் மட்டும் போகின்றன. அதற்குள் இன்னும் கொஞ்சம் அழுக்காகும், மூன்றாவது சுற்று. இப்படி மீதி சுருங்கிச் சுருங்கி, ஒரு கண்சிமிட்டலில் அனுப்பிவிடலாம் என்ற அளவுக்கு வந்ததும், விஎம் பழைய சேர்வரில் நிறுத்தப்பட்டு, கடைசிப் பக்கங்களும் செயலியின் நிலையும் அனுப்பப்பட்டு, புதிய சேர்வரில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. கிணற்றின் அடியில் கடைசி நாலு வாளியை அள்ளும்போது ஊற்றுக்கண்ணைச் சாக்கால் அடைத்துப் பிடிப்பார்களே, அந்த இடம் அது.

கணக்கோடு பாருங்கள். 16 ஜிபி நினைவகம். கேபிள் 1 கிகாபிட், அதாவது நடைமுறையில் வினாடிக்கு ஏறக்குறைய 110 எம்பி. விஎம் வினாடிக்கு 20 எம்பி அழுக்காக்குகிறது. முதல் சுற்றுக்கு இரண்டரை நிமிடம். அந்த நேரத்தில் சேர்ந்த அழுக்கு 3,000 எம்பி. அதை அனுப்ப 27 வினாடி. சேர்ந்தது 540 எம்பி. அதற்கு 5 வினாடி. சேர்ந்தது 100 எம்பி. பிறகு 18 எம்பி. இந்த 18 எம்பியை அனுப்ப வினாடியில் ஆறில் ஒரு பங்கு போதும்.

பாவனையாளருக்குத் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. 2005-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஸென் என்ற விஎம் மென்பொருளில் செய்து காட்டியபோதே, பலர் இணைந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு குவேக் 3 சேர்வரை 60 மில்லிவினாடி இடைவெளியோடு மாற்றினார்கள். விஎம்வேர் நிறுவனத்தின் விமோஷன் என்ற இதே வசதி அதற்கும் முன்னால், 2003-லேயே வந்துவிட்டது. க்யூஎமு இயல்பாக அனுமதிக்கும் இடைநிறுத்தம் 300 மில்லிவினாடி. புரொக்ஸ்மொக்ஸ் அதை 100 ஆகக் குறைத்து வைத்திருக்கிறது. பிங் (மறுபக்கம் பதில் சொல்கிறதா என்று கேட்கும் சிறு கட்டளை) ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு பதில் தவறலாம், அல்லது எதுவுமே தவறாது.

மாறி முடிந்ததும் க்யூஎமு தானாகவே ஆர்ஏஆர்பி எனும் சிறு அறிவிப்புப் பொட்டலத்தை நெற்வேர்க்கில் விடும். 'இந்த முகவரிக்காரர் இப்போது இந்த வாசலில் இருக்கிறார்' என்று சுவிட்ச் தெரிந்துகொள்வது அதனால்தான்.

திரையில் 97 சதவீதம் என்று காட்டியபடி ஒரு மணித்தியாலமாக நிற்கிறது. பழுதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. என் பதில்: சதவீதத்தைப் பார்க்காதீர்கள். மொத்தத்தில் எவ்வளவு போயிற்று என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. 16 ஜிபி விஎம்முக்கு 41 ஜிபி அனுப்பியதாகக்கூடக் காட்டும்; ஒரே பக்கங்கள் நாலு தடவை போனால் அப்படித்தான் வரும். பார்க்க வேண்டியவை இரண்டு: மீதி எவ்வளவு, அழுக்காகும் வேகம் எவ்வளவு. கிணற்றங்கரையில் நிற்பவர் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எட்டி மட்டத்தைப் பார்ப்பார்.

இது எனக்குப் புரிந்த இரவைச் சொல்கிறேன். ஒரு மருத்துவ நிலையத்தின் தரவுத்தள விஎம். பகலில் தொட முடியாது என்பதால் இரவு பத்தே முக்காலுக்குத் தொடங்கினேன். முதல் பத்து நிமிடம் ஒழுங்காக இறங்கியது. பிறகு மீதி 1.1 ஜிபி, 1.4, 0.9, 1.6, 1.2. மேலே, கீழே, மேலே. நான் கேபிளைக் கழற்றிப் போட்டேன், சுவிட்சின் வாசலை மாற்றினேன், ஏசிக்காரரைக்கூட மனதுக்குள் திட்டினேன். கடைசியில், பதினொன்றே முக்கால் இருக்கும், விஎம்முக்குள் போய் எது ஓடுகிறது என்று பார்த்தால், பதினொரு மணிக்கென்று நானே போட்டு வைத்த காப்புப் பிரதி வேலை. தரவுத்தளம் முழுவதையும் வாசித்துச் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறது. வாசிக்கும் ஒவ்வொரு துண்டும் நினைவகத்தில் புதிய பக்கம். அந்த வேலையை நிறுத்தினேன். நாலு நிமிடத்தில் மாறிவிட்டது.

அந்த எண்களை எங்கே பார்ப்பது?

புரொக்ஸ்மொக்ஸில் கீழே ஓடும் வேலைப் பட்டியலில், மாற்றும் வேலையை இரட்டைச் சொடுக்கினால் பதிவு விரியும். எவ்வளவில் எவ்வளவு போயிற்று, வினாடிக்கு என்ன வேகம் என்று ஒரு வரி சீராக வந்துகொண்டிருக்கும். மீதி இறங்காமல் சிக்கிக்கொண்டால், மாற்றத்தைத் தொடர்வதற்காக இடைநிறுத்த அளவைத் தானாகக் கூட்டியதாக ஒரு வரி வரும். அது பிழையறிவிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் ஊற்று வேகமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். முடிந்ததும் சராசரி வேகமும், உண்மையில் எத்தனை மில்லிவினாடி நின்றது என்பதும் எழுதப்படும். அந்த இரண்டையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன். அடுத்த முறை அலுவலகக்காரர் 'எவ்வளவு நேரம் எடுக்கும்' என்று கேட்டால் ஊகிக்கத் தேவையில்லை.

புரொக்ஸ்மொக்ஸுக்குப் பதிலாக லிப்விர்ட் என்ற மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு அதன் விர்ஷ் கட்டளைதான். 'மைக்ரேட்' கட்டளையோடு 'வெர்போஸ்' சேர்த்தால் சதவீதம் காட்டும். சதவீதம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இன்னொரு திரையைத் திறந்து 'டொம்ஜொப்இன்ஃபோ' என்று விஎம்மின் பெயரோடு ஓட்டினால் முழு விபரமும் கிடைக்கும்: கடந்த நேரம், அனுப்பியது, மீதி, வேகம், வினாடிக்கு எத்தனை பக்கம் அழுக்காகிறது, எத்தனையாவது சுற்று, இப்போது நிறுத்தினால் எவ்வளவு நேரம் நிற்கும். வினாடிக்கு 30,000 பக்கம் அழுக்காகிறது என்றால் 4 கிலோபைட்டால் பெருக்கிப் பாருங்கள்: 120 எம்பி. உங்கள் கேபிள் 110. இந்த மாற்றம் தானாக முடியப்போவதில்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. விடியும்வரை காவல் இருக்கத் தேவையில்லை.

அப்படி முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வது?

முதலில், உள்ளே யார் எழுதுகிறார் என்று பாருங்கள். பத்துக்கு ஏழு தடவை காப்புப் பிரதி, வைரஸ் தேடல், விண்டோஸ் புதுப்பிப்பு இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அது இல்லையென்றால் இடைநிறுத்த வரம்பைக் கூட்டலாம். கணக்கு மென்பொருள் ஓடும் விஎம் இரண்டு வினாடி நின்றால் யாருக்கும் தெரியாது. காசாளர் அந்த நேரத்தில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பார். ஓடிக்கொண்டிருக்கும் மாற்றத்துக்கே விர்ஷில் 'மைக்ரேட்-செட்மக்ஸ்டவுன்டைம்' என்று மில்லிவினாடியில் கொடுக்கலாம். வேகத்துக்கு யாராவது வரம்பு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முன்பு நானே 50 எம்பி என்று போட்டு மறந்த இடம் ஒன்று உண்டு.

அடுத்தது ஓட்டோ-கொன்வேர்ஜ். விஎம்மின் செயலியையே மெதுவாக்கும் வழி இது. முதலில் 20 சதவீதம், பிறகு பத்துப் பத்தாக, 99 வரை. ஊற்றுக்கண்ணில் சாக்கை அமத்துவதுதான். வேலை செய்யும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் 'கணினி இழுக்கிறது' என்று தொலைபேசி எடுப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லத் தம்பிமார் கூச்சப்படுகிறார்கள்: விஎம்மை அணைத்துவிட்டு மாற்றுவது. இரவு பத்து மணிக்குப் பூட்டிக் கிடக்கும் கடையின் விஎம்மை ஏன் ஓடவிட்டபடி மாற்ற வேண்டும்? அணைத்தால் நினைவகம் என்ற பேச்சே இல்லை.

போஸ்ட்-கொப்பி என்று ஒரு முறை இருக்கிறதாமே, அது நிச்சயமாக முடியுமாமே?

முடியும். விஎம்மை முதலில் அந்தப் பக்கம் எழுப்பிவிட்டு, நினைவகத்தைப் பின்னால் இழுப்பது அது. தேவைப்படும் பக்கம் கையில் இல்லையென்றால் பழைய சேர்வரிடம் கேட்டு வாங்கும். சிக்கல் என்னவென்றால், நடுவில் விஎம்மின் பாதி உயிர் அங்கும் பாதி இங்கும் இருக்கும். அந்த நேரத்தில் சேர்வர்களில் ஒன்று விழுந்தால் இரண்டு பக்கத்திலும் முழு விஎம் இல்லை. கரண்டை நம்ப முடியாத ஊரில் எனக்கு அந்தத் துணிவு வரவில்லை.

சாதாரண முறையில், மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

கடைசிக் கணம் வரை பழைய சேர்வரில் இருப்பதுதான் உண்மையான விஎம். புதியது விழுந்தாலும், கேபிள் கழன்றாலும், நீங்களே ரத்துச் செய்தாலும் பழையது எதுவும் நடக்காததுபோல ஓடும். ஆகவே பாதியில் நிறுத்தப் பயப்பட வேண்டாம்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது நாங்கள் எல்லாவற்றையும் அட்டவணை பார்த்துத்தான் செய்தோம். இப்போது அப்படி இல்லை என்றாலும் பழக்கம் போகவில்லை. தொடங்குவதற்கு முன்பு யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்ப்பேன். முக்கியமாக, சுவிட்சும் அதே யூபிஎஸ்ஸில் செருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு சேர்வரும் யூபிஎஸ்ஸில், சுவிட்ச் மட்டும் சுவர்ச் செருகியில் இருந்த இடங்களை எண்ணினால் கை விரல் போதாது.

இரண்டே சேர்வர் உள்ள கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைத்த சேர்வர் கூட்டத்தில், ஒன்று விழுந்தால் மற்றதற்கு வாக்குப் பெரும்பான்மை இல்லாமல் போய், அது புதிதாக எந்த விஎம்மையும் எழுப்ப மறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது வாக்குக்கு ஒரு சிறிய கணினி போதும்; க்யூடிவைஸ் என்று தேடிப் பாருங்கள்.

மாற்றத் தொடங்கியதும் சேர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது!

கிளஸ்டரின் பேச்சுவார்த்தையும் விஎம்மின் மாற்றமும் ஒரே கேபிளில் போகின்றன, அதுதான். கொரோசிங்க் எனப்படும் அந்தப் பேச்சுவார்த்தை சிறியது. ஆனால் தாமதம் தாங்காது. மைக்ரேஷன் கேபிளை நிரப்பினால் சேர்வர்கள் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைக்கும். ஹெச்ஏ, அதாவது ஒரு சேர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் தானாக எழுப்பும் வசதி, போட்டிருந்தால் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்யும். தனிக் கேபிள் ஒன்று போடுங்கள். இரண்டு சேர்வருக்கும் இடையில் நேரடியாகப் போட்டாலும் சரி, சுவிட்ச்கூடத் தேவையில்லை. அதுவரை வேக வரம்பு போட்டு ஓட்டுங்கள்.

பூச்சியத்திலேயே நிற்கிறது. பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் வழியாகச் சேர்வருக்குள் நுழையவும் முடிகிறது.

எம்டியு, அதாவது ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. ஒரு பக்கம் 9000 பைட், மறுபக்கமோ நடுவில் உள்ள சுவிட்சோ 1500. சின்னப் பொட்டலம் போகும், பெரியது விழுங்கப்படும். பிங்கைப் பெரிய அளவில், பிரிக்கக்கூடாது என்ற விருப்பத்தோடு அனுப்பிப் பாருங்கள்.

டிஸ்க்கும் கூடவே போகுமா?

இரண்டு சேர்வரும் பகிரும் பொதுச் சேமிப்பகம், அதாவது என்எஃப்எஸ் அல்லது செஃப் போன்றது இருந்தால் டிஸ்க் அசையவே வேண்டாம், நினைவகம் மட்டும்தான். எங்கள் ஊர் அமைப்புகளில் பெரும்பாலும் டிஸ்க் அந்தந்தச் சேர்வருக்குள்ளேயே இருக்கிறது. அப்போதும் மாற்றலாம், முதலில் டிஸ்க் பிரதி எடுக்கப்படும், அது முடிந்த பிறகுதான் நினைவகம். 500 ஜிபி டிஸ்க், 1 கிகாபிட் கேபிள் என்றால் ஒன்றேகால் மணித்தியாலம். டிஸ்க் 100 சதவீதம் என்று வந்த பிறகும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்; புதிதாக எழுதுபவற்றை இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த இடத்தில் 'முடிந்துவிட்டது' என்று நினைத்துப் பழைய சேர்வரை அணைக்கப் போன ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு?

அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஒரே நிறுவனத்தின் செயலிகளுக்குள்ளும், விஎம்முக்குச் செயலி வகை 'ஹோஸ்ட்' (சேர்வரின் செயலி அப்படியே) என்று கொடுத்திருந்தால் புதியதிலிருந்து பழையதற்குப் போகாது. போனாலும் இல்லாத கட்டளை ஒன்றைக் கேட்டு உள்ளே விழும். புரொக்ஸ்மொக்ஸ் 8-லிருந்து இயல்பாக வரும் 'எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ்' வகையை அப்படியே விட்டால் பாவித்த சேர்வர்களைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி. மென்பொருளிலும் அதேதான்: பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகலாம், திரும்பி வர முடியும் என்று எண்ண வேண்டாம்.

தொடங்கவே மறுக்கிறது.

சிடி டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பு ஏதாவது செருகியபடி இருக்கிறதா? இருந்தால் கழற்றுங்கள். கணக்கு மென்பொருளின் உரிமத்துக்கான யூஎஸ்பி டொங்கிளோ, நேரடியாகக் கொடுத்த பிசிஐ அட்டையோ இருந்தாலும் நகராது.

விஎம்வேரில் இருப்பதை இங்கே கொண்டுவரலாமா?

2023 நவம்பரில் புரோட்கொம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்றது. அதன் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த புரொக்ஸ்மொக்ஸ் 8.2-ல் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ சேர்வரை நேரே இணைத்து இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் இது லைவ் மைக்ரேஷன் அல்ல. அந்தப் பக்கம் விஎம்மை அணைக்க வேண்டும். விண்டோஸ் என்றால் புறப்படும் முன்பே உள்ளே விர்ட்ஐஓ டிரைவரை (கேவிஎம்மின் மெய்நிகர் டிஸ்க்கை விண்டோஸுக்குப் புரியவைப்பது) நிறுவுங்கள். இல்லையென்றால் முதல் தடவை டிஸ்க்கின் இணைப்பு வகையை சாட்டா என்று மாற்றி எழுப்பலாம். நீலத் திரை வந்தால் பதற வேண்டாம், டிஸ்க் பழுதாகவில்லை. வண்டி தெரியாத ஒழுங்கைக்குள் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த நேரம் நல்ல நேரம்?

பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் பார்க்கலாம். நான் பார்ப்பது காப்புப் பிரதி எப்போது ஓடுகிறது என்பதையும், மறுநாள் என்ன நாள் என்பதையும்தான். மாதக் கடைசி, சம்பள நாள், இரண்டும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடியிருக்கும். அந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஏதாவது பிழைத்தால் சேர்வரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும். தேர் முடியட்டும் என்று சொல்லிவிடுவேன்.

முடிந்த பிறகு எதைப் பார்ப்பது?

விஎம்முக்குள் நேரம் சரியா என்று முதலில் பாருங்கள். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி ஓடினால் பிரச்சினை இல்லை. புதிய சேர்வரில் தானாக எழும்படி குறித்திருக்கிறதா, அன்றிரவுக் காப்புப் பிரதி உண்மையிலேயே எடுபட்டதா என்பதையும் பாருங்கள். இரண்டாவதை அன்றிரவு பார்க்க முடியாது, காலையில் தேநீரோடு பார்க்க வேண்டும். மாற்றுவதற்காகக் கழற்றிய ஐஎஸ்ஓ, டொங்கிள் அமைப்பு எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள். கதவைப் பூட்டும் முன் பழைய சேர்வரின் பின்புறத்தைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். அந்தப் பச்சை நிற டொங்கிளை நான் இரண்டு தடவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.